அமுக்காத பூட்டு

விசிலக்காவுக்குப் பதக்கம் தரலாம் என்று பரிந்துரை செய்த தாளை டைப் அடித்தவன் நான். அதே வாரம் நெட்டையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த தாளை அடித்தவனும் நான்தான். முதல் தாளில், சாவி இரண்டு நிமிடத்தில் வந்தது, அதனால் கைதி பிழைத்தாள் என்று இருந்தது. அடுத்த தாளில், சாவி இரண்டு நிமிடத்தில் வந்திருக்கும், காவலர் நேரத்தோடு கேட்கவில்லை, அதனால் கைதி செத்தாள் என்று இருந்தது. இரண்டுமே பொய். தெரிந்தேதான் அடித்தேன். இருபத்தாறு வருடமாக ஜெயில் ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். மேலே இருந்து வருவதைப் பிழையில்லாமல் அடிப்பதோடு என் வேலை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பழகியிருந்தேன்.

விசிலக்கா எனக்குப் பக்கத்து வீடு. ஜெயிலின் பின்மதிலை ஒட்டிக் காவலர் குடியிருப்பு. வரிசையாக இருபது வீடுகள், வீட்டுக்கு இரண்டு அறை. எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக அவள் புருஷனின் தையல் மிஷின் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெயிலில் பாதிப் பேருக்கு அவர்தான் யூனிபார்ம் தைக்கிறார். எப்போதும் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் பாதி வாயால்தான் பேசுவார். ஒரே மகள், பள்ளியில் கடைசி வருடம். அக்கா என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவள் விசில் ஊதினால் மதிலுக்கு வெளியே நடந்து போகிறவன்கூட நின்றுவிடுவான். அதனால் அந்தப் பெயர்.

நெட்டை அவளுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆறடிக்கு விரலளவு குறைவு. யாருக்கும் பயப்படாதவள் என்று பேர். சட்டத்துக்கு மட்டும் பயப்படுவாள்.

பகல் அடைப்பு என்று ஒன்று உண்டு. மத்தியானச் சாப்பாட்டைக் கையில் கொடுத்து, பன்னிரண்டு மணிக்குக் கைதிகளை அறைக்குள் விட்டு, தலை எண்ணிப் பூட்டுவார்கள். இரண்டு மணிக்குத்தான் திறப்பு. எங்கள் பூட்டுகள் பழைய இரும்பு. அமுக்கினாலே விழுந்துவிடும், திறக்கத்தான் சாவி வேண்டும். எண்ணி முடிந்ததும் எல்லாச் சாவிகளையும் கோர்த்துப் பெரிய வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு சாவி வேண்டுமென்றால், பொறுப்பு அதிகாரி பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். அவரைக் கூப்பிட ஆள் ஓட வேண்டும். பிறகு சாவி மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒரு கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். இவ்வளவும் முடிந்து பதிவேட்டில் நேரம் எழுதும்போது, கேட்டது இத்தனை மணி, கொடுத்தது இரண்டு நிமிடம் கழித்து என்று எழுதிவிடுவோம். வருடக்கணக்காக அப்படித்தான். யாரும் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதில்லை.

நெட்டையின் பகுதியில் ஒருத்திக்கு மூச்சுத் திணறல். நெட்டை விசில் ஊதினாள், ஆளை அனுப்பினாள், கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி வர பதினாலு நிமிடம். அதற்குள் அந்தக் கை குளிர்ந்துவிட்டது. பூட்டை ஒழுங்காக அமுக்கியிருந்த நெட்டைக்கு விசாரணை.

ஒன்பது நாள் கழித்து விசிலக்காவின் பகுதியில், ஏழாம் அறையில், வலிப்புக்காரி ஒருத்தி சாப்பிடும்போதே விழுந்தாள். சோறு தொண்டையில் அடைத்து முகம் நீலமாகிவிட்டது. அக்கா விசிலை ஊதிக்கொண்டே உள்ளே பாய்ந்தாள். அவளை ஒருக்களித்துப் புரட்டினாள், வாயைத் துழாவி எடுத்தாள், முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மூச்சு திரும்பிற்று. சாவி வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

சாவி வராமல் எப்படி உள்ளே போனாள்? அது ஜெயிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். வலிப்புக்காரி வந்த நாளிலிருந்து ஏழாம் அறைப் பூட்டை அக்கா அமுக்குவதில்லை. கொண்டியில் மாட்டித் தொங்கவிடுவாள். பார்வைக்குப் பூட்டின பூட்டுதான். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், இழுத்துப் பார்க்கிற பழக்கம் மேலே உள்ளவர்களுக்கு இல்லை. அன்று ஜெயிலர் வந்து பூட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சாவி வந்துச்சு, திறந்தே. அவ்வளவுதான். புரிஞ்சுதா?" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அப்போது அது அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

பாராட்டு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், மேடையில் படிக்கப்போகிற பாராட்டுரையின் நகலை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தையல்காரர் அவளுடைய சட்டையை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். பதக்கம் குத்துகிற இடத்தில் துணி தொங்கிப் போகக் கூடாதென்று உள்பக்கம் ஒரு பட்டை வைத்துத் தைத்தார். நெட்டையும் அங்கேதான் இருந்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்த நாள் முதல் பகலெல்லாம் அங்கே வந்து, காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதுமாகப் பொழுதை ஓட்டினாள்.

"சத்தமாப் படிங்க சார்," என்றாள் நெட்டை. "நம்ம அக்கா எவ்வளவு பெரிய ஆளுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

படித்தேன். பாதியில் என் குரல் தானாகவே இறங்கிற்று. "சாவி இரண்டு நிமிடத்தில் வந்து சேர்ந்ததும், சற்றும் தாமதிக்காமல் கதவைத் திறந்து..."

பெல்ட் தேய்த்த கை நின்றுவிட்டது.

"எத்தனை நிமிஷம்?"

"ரெண்டு."

"இவளோட மெமோல எத்தனை நிமிஷம் போட்டிருக்கு?"

நெட்டையே சொன்னாள். "அதுலயும் ரெண்டுதான். பக்கத்துப் பகுதிக்கு ரெண்டு நிமிஷத்துல சாவி போயிருக்கு, அதுக்குப் பதக்கமே குடுக்கறோம், உனக்கு மட்டும் எப்படிப் பதினாலு நிமிஷமாகும்னு விசாரணையில கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. அடுத்த வாரம் கடைசி விசாரணை. வேலை போயிடும்னு பேசிக்கறாங்க."

"இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே. எனக்குப் போனா என் ஒருத்திக்கு. உனக்குப் புள்ள இருக்கு, வீடு இருக்கு."

அக்கா எழுந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காது சிவக்கும். "அப்ப என்னைத் தூக்கி நிறுத்தி, என் காலால உன் கழுத்த மிதிக்கறாங்க. அதுக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும். அப்படித்தானே?"

மிஷின் நின்றது. தையல்காரர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்துகிற குட்டி மெத்தையில் குத்தினார். அவர் ஊசியை எடுத்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"நீ என்ன பண்ணப் போறே?"

"உண்மையச் சொல்லப் போறேன்."

"எந்த உண்மைய? சாவி வரலேன்னா? சரி, சாவி வராம கதவு எப்படித் திறந்துச்சுன்னு அடுத்த கேள்வி வரும்ல? அதுக்கு என்ன சொல்லுவே?"

"பூட்டலேன்னு சொல்லுவேன்."

"சொன்னா வேலை போயிடும். வேலை போனா இந்த வீட்டக் காலி பண்ணணும். புள்ளைக்கு இன்னும் மூணு வாரத்துல பரீட்சை. எங்க போய் உக்காந்து படிப்பா? ரோட்டுலயா?"

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் மகள், உள் அறையிலிருந்து.

"நீ படி!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க. பதக்கம் குடுக்கற அன்னிக்கு யாராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா?"

நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்த "இரண்டு" என் விரலால் விழுந்தது. ஜெயிலர் சொல்லச் சொல்ல அடித்தபோது ஒரு நொடி கை தயங்கியது, அவ்வளவுதான். தயங்கிவிட்டு அடித்தேன். கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் குடித்துவிட்டு, "ஜெயிலர் கெட்டவரில்ல. அக்காவக் காப்பாத்தணும்னுதான் அப்படி எழுதச் சொன்னாரு," என்றேன்.

"என்னைக் காப்பாத்தவா? பதினாலு நிமிஷத்தக் காப்பாத்த!" என்றாள் அக்கா. "சார், அந்தப் பதினாலு நிமிஷம் இன்னும் அங்கேயேதான் இருக்கு. நாளைக்கு இன்னொருத்தி விழுவா. அவளுக்கும் ரெண்டு நிமிஷம்னு நீங்க அடிப்பீங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் வலித்தது.

நெட்டை காஜாத் துணியை மடித்து வைத்தாள். "விடுக்கா. நான் பூட்டை அமுக்கினேன். அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டே, திறங்க திறங்கன்னு கண்ணாலயே கேட்டா. சட்டப்படி நடந்தேன். அந்தச் சட்டம் எனக்கு இதக் குடுத்துச்சு. நீயாவது அமுக்காம இருந்தியே, அதுபோதும். ஒரு உசுரு இருக்கு."

அக்கா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நெட்டை அவ்வளவு உயரம் என்பதால் அக்காவின் தலை அவள் தோளுக்குக் கீழேதான் வந்தது.

"பேசக் கூடாது," என்றார் தையல்காரர், ஊசிகளை மறுபடி வாயில் வைப்பதற்கு முன். "மேடையில வாயத் திறக்கக் கூடாது. ஆணை."

"யாரு மேல ஆணை?"

"எம் மேலதான்."

அக்கா பெல்ட்டை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அவர் சட்டையை முடித்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டினார். பட்டை வைத்த இடத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

விழாவை ஜெயிலின் உள் மைதானத்தில் வைத்திருந்தார்கள். துணிப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் சிவப்பு விரிப்பு. பதினோரு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு பெண் நீதிபதி. சிறைகளைப் பார்வையிடும் பொறுப்பு அவருடையது. வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். எல்லோரும் முணுமுணுத்தார்கள். இப்போது நினைத்தால் அந்தத் தாமதத்துக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மூன்று பேருக்குப் பதக்கம். தச்சுப் பட்டறையில் தீப்பிடித்தபோது இரண்டு கைதிகளைத் தோளில் சுமந்து வந்த துணை அதிகாரி ஒருவர். அவர் காதோரம் கருகின முடி இன்னும் முளைக்கவில்லை. மாரடைத்து விழுந்த கைதியின் நெஞ்சை, ஆம்புலன்ஸ் வரும்வரை இருபத்தைந்து நிமிடம் விடாமல் அமுக்கிய காவலர் ஒருவர். இவர்களுக்குக் கொடுத்தது முழுக்க நியாயம். நான் மனதாரக் கைதட்டினேன். காவலர்கள் அடிப்பதைத்தான் ஊர் பேசும், அவர்கள் உயிரைப் பிடித்து இழுத்துக் கொண்டுவருவதை யாரும் பேச மாட்டார்கள்.

மூன்றாவது விசிலக்கா. பாராட்டுரையை ஜெயிலரே படித்தார். "இரண்டு நிமிடத்தில்" என்ற இடம் ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. நீதிபதி பதக்கத்தைக் குத்தினார். பட்டை வைத்த இடத்தில் அது நேராக நின்றது. "ரெண்டு வார்த்தை பேசுங்களேன்," என்றார் சிரித்தபடி.

அக்கா மைக் முன்னால் வந்தாள். கடைசி வரிசையில் புருஷன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குப் பேசத் தெரியாது. ஒரே ஒரு உதவி. இப்ப மணி பன்னண்டே முக்கால். பகல் அடைப்பு முடிஞ்சு சாவியெல்லாம் வாசல் பெட்டியில இருக்கு. ஏழாம் அறைச் சாவிய இங்க கொண்டுவரச் சொல்லுங்க. விசேஷமா எதுவும் செய்ய வேண்டாம். எப்பவும் எப்படி வருமோ அப்படி."

ஜெயிலர் எழுந்தார். "அம்மா, இது நிகழ்ச்சியில இல்ல..."

நீதிபதி கையை உயர்த்தினார். "சாவிதானே? வரட்டும்."

அக்கா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு காவலர் வாசலுக்கு ஓடினார். அக்கா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. வெயிலில் பந்தல் துணி புடைப்பதும் அடங்குவதுமாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம்," என்றாள் அக்கா. "பேப்பர்ல சாவி வந்துடுச்சு. நான் கதவத் திறந்துட்டேன்."

யாரோ இருமினார்கள். வாசல் பக்கம் வெறுமையாக இருந்தது.

"நாலு நிமிஷம். என் ஆளு நீலமாயிட்டா."

ஜெயிலர் மைக்செட்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இரைச்சல் நின்றது. மைக் செத்துவிட்டது. அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள். அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. தையல்காரர் எழுந்து நின்றார். வாயில் ஊசி இல்லாமல் அவர் முழுக் குரலை அன்றுதான் கேட்டேன்.

"மைக் வேணாம்! எங்களுக்குக் கேக்குது! நீ சொல்லு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். உட்காரவைக்கப் பிடித்ததாகத் தெரியவில்லை.

"அஞ்சு," என்றாள் அக்கா. செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னாள். "அஞ்சு நிமிஷம். இதுக்கு மேல நான் என்ன பண்ணாலும் அவ வர மாட்டா."

அதற்குப் பிறகு அவள் நிமிடத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. எல்லோரும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி தன் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். தீயில் இறங்கிய துணை அதிகாரி எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். நெஞ்சை அமுக்கிய காவலரும் வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சமயம், அந்த மேடையில் என் விரலும் அம்பலமாகி நிற்கிற மாதிரி கூச்சமாகவும் இருந்தது.

சாவி வந்தது. கொண்டுவந்த காவலர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "சாப்பாட்டுக்குப் போயிருந்தாரும்மா, கையெழுத்துக்கு ஓடினேன்," என்றார் மூச்சு வாங்க.

"பதின்மூணு நிமிஷம்," என்றார் நீதிபதி.

"இன்னிக்கு ஒரு நிமிஷம் சீக்கிரம்," என்றாள் அக்கா. "நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதான்." அவள் சாவியை வாங்கி நீதிபதிக்கு முன்னால், கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தாள். "இந்தக் கதவுக்குப் பின்னாடி விழுந்தவ செத்து எட்டு நிமிஷம் ஆச்சும்மா. பக்கத்துப் பகுதியில நிஜமாவே செத்தா. அவ கையப் புடிச்சுக்கிட்டு நின்னவள வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. சாவி ரெண்டு நிமிஷத்துல வரும்னு சொல்லி. அதுக்கு என்னைச் சாட்சி ஆக்கியிருக்காங்க."

"அப்ப நீங்க எப்படி அன்னிக்குத் திறந்தீங்க?"



"திறக்கலம்மா. நான் பூட்டவே இல்ல. வேணும்னேதான் அமுக்காம விட்டேன், மூணு மாசமா. தப்புதான். அன்னிக்கு ஜெயிலர் ஐயா சொன்னதுக்குத் தலையாட்டினேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு." அவள் பதக்கத்தைத் தொட்டாள். "இத வேணும்னா இப்பவே கழட்டிக்குங்க. விட்டாலும் சரி. எனக்கு வெக்கமில்ல."

நீதிபதி கழற்றவில்லை. பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, சாவி வந்த நேரத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தில் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது.

அடுத்த வாரம் நெட்டையின் விசாரணையில் அந்தப் பக்கம்தான் பேசியது. அவளை வேலைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அக்காவுக்கு மெமோ. பூட்டை அமுக்காத குற்றம், மறு உத்தரவு வரை வேலைக்கு வரக் கூடாது; பத்து நாளில் பதில் தராவிட்டால் வேலை நீக்கம். பதக்கத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்றும் ஜெயிலர் கேட்டார். எல்லாப் படிவங்களையும் தேடினேன். கொடுக்கத்தான் படிவம் இருக்கிறது, வாங்க இல்லை.

மெமோவை நான்தான் கொண்டுபோனேன். வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. தையல்காரர் மிஷினின் சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மகள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"இன்னும் போகல. போற மாதிரி வந்தா ஓடக் கூடாது, நடந்து போகணும். அதான் முன்னாடியே கட்டறேன்," என்றார் அவர். வாயில் ஊசி இல்லை.

அக்கா மெமோவைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "பதில் நீங்களே அடிச்சுக் குடுங்க சார். நான் சொல்றேன். ஆனா நான் சொல்றத அப்படியே அடிக்கணும். 'தவிர்க்க இயலாத சூழ்நிலை', 'மன்னித்தருள வேண்டும்' எல்லாம் உள்ள வரக் கூடாது."

"சொல்லுங்க."

"ஆமா, அமுக்கல. அமுக்கியிருந்தா அவ செத்திருப்பா. நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னாலும், சாவி பக்கத்துல இல்லாத வரைக்கும் அமுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் என்ன?"

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அடித்தேன். நாலு வரிதான், ஜெயிலருக்குக் கொடுக்க ஒரு கார்பன் நகலும். தாளை எடுத்த பிறகும் கை நிற்கவில்லை. இன்னொரு தாளைச் செருகினேன். இரண்டு நிமிடம் என்று இரண்டு தாள்களில் அடித்தவன் நான், பொய் என்று தெரிந்தே அடித்தேன், அடிக்கச் சொன்னவர் இன்னார் என்று எழுதி, கீழே என் பெயரை முழுசாகப் போட்டேன். இரண்டையும் ஒரே உறையில் வைத்து, ஜெயிலரின் மேஜைக்குப் போகாமல், நீதிபதியின் முகவரியை எழுதி, தபால் பெட்டிவரை நானே நடந்துபோய்ப் போட்டேன்.